இரண்டு ஆறானால் ஊர் கெட்டுவிட்டதா?

வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், காவல்துறையின் குற்றப் பதிவேட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண் ஆய்வாளர். இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் எல்லாமே சிற்றூர்கள், சிறு குடியிருப்புகளின் பாதுகாப்பைப் பற்றியவை.

கேள்வி: அம்மா, எங்கள் ஊரில் மொத்தமே 1,800 பேர்தான். சென்ற ஆண்டு இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. இந்த ஆண்டு ஆறு வீடுகள். "திருட்டு 200 சதவீதம் அதிகரிப்பு" என்று செய்தி வந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறாள் என் மனைவி. என்ன செய்வது?
(குடும்பத் தலைவர் ஒருவர்)

பதில்: விற்க வேண்டாம். அடுத்த ஆண்டு இந்த ஆறு மறுபடி இரண்டாகிவிட்டால் "67 சதவீதம் சரிவு, காவல்துறை சாதனை" என்று அதே இடத்தில் செய்தி வரும். இரண்டு செய்தியும் கணக்குப்படி சரி. இரண்டும் உங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குற்ற விகிதம் என்றால் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற கணக்கு. அது பெருநகரத்தின் அளவுக்குத் தைத்த சட்டை. 1,800 பேர் கொண்ட ஊருக்குப் போட்டால் தொளதொளவென்று தொங்கும். இரண்டு திருட்டு என்றால் லட்சத்துக்கு 111. ஆறு என்றால் 333. எங்கோ அண்ணன் தம்பித் தகராறில் ஒரே ஒரு கொலை விழுந்துவிட்டால் கொலை விகிதம் லட்சத்துக்கு 55-ஐத் தாண்டும். உலகச் சராசரியே ஆறுக்குக் கீழேதான். அந்த ஓராண்டு உங்கள் ஊர் உலகின் கொடூரமான நகரங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். மறு ஆண்டு பூஜ்யம். உலகிலேயே சாதுவான இடம். ஊரில் இருப்பவர்களோ அதே 1,800 பேர், கொலை செய்தவரும் செத்தவரும் நீங்கலாக.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு திருட்டு நடக்கும் நிலை பல காலமாக மாறாமலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவைத்தாற்போல் நான்கு நடக்காது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் ஒன்றில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ வரும். ஐந்தில் ஒன்றில் ஆறோ அதற்கு மேலோ வரும். இருபது ஆண்டுக்கு ஒருமுறை எட்டைத் தொட்டுவிடும். யாரும் கெட்டுப்போகாமல், எந்தக் கும்பலும் வந்து இறங்காமல், வெறும் தற்செயலால் இத்தனை ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே இரண்டும் ஆறும் ஒரே ஊரின் இரு சாதாரண ஆண்டுகளாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஆறு என்ற எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஆறு வழக்குகளையும் கையில் எடுத்தால்தான் தெரியும். சிறிய ஊருக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான். நகரத்தில் பத்தாயிரம் வழக்கு. யாரும் ஒவ்வொன்றாகப் படிக்க மாட்டார்கள், படிக்கவும் முடியாது. உங்கள் ஆறை ஒரு மாலை நேரத்தில் படித்துவிடலாம். என்ன தேதி, பகலா இரவா, வீட்டில் ஆள் இருந்தார்களா, எந்த வழியாக நுழைந்தான், எதை எடுத்தான், எதை விட்டான். நான் பணியில் இருந்தபோது ஒரு சிறு குடியிருப்பின் கன்னக்களவு வழக்குகளை இப்படி மேசையில் பரப்பிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் ஒவ்வொன்றாக உருவப்பட்டு, ஒன்றுகூட உடையாமல், சுவரோரம் பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அத்தனையும் ஒரே ஆளின் கைவரிசை. அவன் வேறெங்கோ வேறொரு வழக்கில் பிடிபட்டதும் அந்தக் குடியிருப்பில் களவு நின்றுபோனது. ரோந்தைத் தீவிரப்படுத்தியதால் குற்றம் குறைந்தது என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். எழுதியவர்கள் பெயர் வேண்டாம்.

உங்கள் ஆறும் ஒரே ஆளின் வேலையா, ஆறு வெவ்வேறு கதைகளா என்று பாருங்கள். ஒரே ஆள் என்றால் தேவை ஒரு கைது. ஆறு கதைகள் என்றால் ஆறு பூட்டுகள். இரண்டுக்கும் வீட்டை விற்பது மருந்தாகாது. வாங்க வருபவரும் அந்தச் செய்தியைப் படித்திருப்பார், விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு அமைதியான சிற்றூர் ஒன்றில் குடியேற நினைக்கிறோம். "மிகப் பாதுகாப்பான 50 ஊர்கள்" என்ற பட்டியலை நம்பித் தேர்வு செய்யலாமா?
(விரைவில் ஓய்வு பெறப்போகும் ஆசிரியர்)

பதில்: அந்தப் பட்டியலின் தலையில் இருக்கும் ஊர்களின் மக்கள்தொகையைப் பாருங்கள். பெரும்பாலும் சிறிய ஊர்களாக இருக்கும். பட்டியலின் வாலில் இருக்கும் ஊர்களையும் பாருங்கள். அவற்றிலும் சிறியவை நிறைய இருக்கும். சிறிய எண்கள் ஆடும் ஆட்டம் அப்படி. நடுவில் நிலையாக நிற்பவை பெரிய ஊர்கள். மூன்று நான்கு ஆண்டுப் பட்டியல்களை அருகருகே வைத்தால் தலையும் வாலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதைக் காணலாம்.

வகுப்பதற்கு எந்த எண்ணை எடுக்கிறார்கள் என்பதும் ஒரு கூத்து. தலைக்கு இத்தனை குற்றம் என்று கணக்குப் போட்டால் உலகிலேயே மோசமான நாடாக வருவது வாடிகன். அங்கே குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வந்து போகிறார்கள். பறிகொடுப்பவர்களும் பெரும்பாலும் வந்தவர்கள், ஜேப்படிக்காரர்களும் வந்தவர்கள். கணக்குப் போடும்போது மட்டும் அத்தனையும் அங்கு வசிக்கும் சில நூறு பேர் தலையில் விழுகிறது. சந்தை கூடும் ஊர், சுற்றுலா ஊர், நெடுஞ்சாலை ஓரத்து ஊர் எல்லாவற்றுக்கும் சிறிய அளவில் இதே கதைதான்.

அமெரிக்காவில் 1930 முதல் குற்றப் புள்ளிவிவரம் திரட்டி வரும் எஃப்.பி.ஐ, தன் எண்களை வைத்து ஊர்களைத் தரவரிசைப்படுத்த வேண்டாம் என்று தானே எச்சரிக்கை போட்டு வந்திருக்கிறது. பட்டியல் தயாரிப்பவர்கள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

குடியேறும் முன் ஒரு வேலை நாளின் காலையிலும், அதே இடத்தில் இரவு ஒன்பது மணிக்கும் நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்று கவனியுங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத விவரம் அதில் கிடைக்கும்.

கேள்வி: நாய் வளர்த்தால் திருடன் வரமாட்டானா?
(ஒரு பள்ளி மாணவன்)

பதில்: அந்நியரைக் கண்டு மட்டும் குரைக்கிற நாயாக இருந்தால் வரத் தயங்குவான். உன் கடிதத்தில் நீ வர்ணித்திருக்கும் நாய் காற்றடித்தாலும் குரைக்கிறது. அதன் சத்தத்துக்கு இந்நேரம் பக்கத்து வீட்டுக்காரர் பழகிப்போயிருப்பார், திருடனும் பழகிக்கொள்வான்.

கேள்வி: எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இரவில் கதவைத் தாழிடக்கூட மாட்டோம். எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதை விடப் பெரிய பாதுகாப்பு உண்டா?
(ஊர்ப் பெரியவர் ஒருவர்)

பதில்: ஐயா, திருட்டுக்கு அது நல்ல பாதுகாப்பு. புது முகம் வந்தால் உடனே தெரிந்துவிடும். திருடிய பொருளை அங்கேயே விற்கவும் முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் குற்றத்திலிருந்து பாதுகாப்பு, யாருக்குப் பாதுகாப்பு என்றும் கேட்க வேண்டும்.

தென் பசிபிக்கில் பிட்கேர்ன் என்று ஒரு தீவு. பவுண்டி என்ற கப்பலில் கலகம் செய்த மாலுமிகள் 1790-ல் அங்கே போய் ஒளிந்து குடியேறினார்கள். அவர்களின் வாரிசுகள்தான் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஐம்பது பேருக்குக் குறைவான ஊர். உலகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். 1999-ல் வெளியிலிருந்து தற்காலிகப் பணிக்கு வந்த ஒரு பெண் போலீஸ் அதிகாரியிடம் ஒரு சிறுமி வாய் திறந்தாள். விசாரணை தோண்டத் தோண்டப் பல பத்தாண்டுகளாகச் சிறுமிகள் மீது நடந்துவந்த பாலியல் குற்றங்கள் வெளியே வந்தன. 2004-ல் அந்தத் தீவிலேயே ஏழு ஆண்கள் மீது விசாரணை நடந்தது. ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்த ஆறு பேரில் ஊர்த் தலைவரும் ஒருவர். விசாரணைக்கு முன் தீவு மக்களிடமிருந்து துப்பாக்கிகளை வாங்கி வைக்க வேண்டியிருந்தது. "இங்கே இதெல்லாம் காலங்காலமாக உள்ளதுதானே" என்று பேசியவர்களும் அங்கே இருந்தார்கள், பெண்கள் உட்பட.

அதற்கு முன்பு வரை அந்தத் தீவின் குற்ற விகிதம் என்னவாக இருந்திருக்கும்? ஏறக்குறைய பூஜ்யம். புகார் செய்ய வேண்டிய சிறுமி யாரிடம் போவாள்? தலைவரிடமா, அவர் தம்பியிடமா, சித்தப்பாவிடமா? எல்லோரும் உறவு. எல்லோருக்கும் எல்லோரும் வேண்டும். படகை இழுக்க, வீடு கட்ட, பிணம் தூக்க. வாய் திறந்தவள் மறுநாளும் அவர்கள் நடுவில்தான் வாழ வேண்டும்.

உங்கள் ஊரை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஐ.நா. வெளியிடும் கணக்குப்படி 2023-ல் உலகெங்கும் கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகளில் 60 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ துணைவனோ குடும்பத்தினரோதான். நாளொன்றுக்கு 140 பேர். அந்தக் குற்றவாளிக்குக் கதவு தாழிட்டிருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை, சாவி அவனிடமே இருக்கிறது. பெரியவராகிய நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊரில் ஒரு பெண்ணோ குழந்தையோ ஊராரைத் தாண்டி வெளியே உள்ள ஒருவரிடம் பேச வழி இருக்கிறதா என்று பாருங்கள்: வந்து போகும் செவிலியர், வெளியூரிலிருந்து வரும் ஆசிரியை, ஓர் உதவி எண். அந்த எண்ணைச் சுவரில் எழுத வேண்டாம் என்று சொல்பவர் யாராவது இருந்தால், அவரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இரவில் தாழ்ப்பாளையும் போடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கும் பணத்துக்குக் கண்காணிப்பு கேமரா வைக்கலாம், அல்லது தெருவிளக்குகள் போடலாம். இரண்டும் முடியாது. கூட்டத்தில் சண்டை நடக்கிறது.
(சங்கச் செயலாளர்)

பதில்: விளக்கு. கேமராக் கட்சி கோபித்துக்கொள்ளட்டும்.

நியூயார்க்கில் 2016-ல் ஒரு சோதனை செய்தார்கள். பொதுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து, பளீரென்ற விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. கேமரா பற்றி நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரியாக 13 சதவீதம் குறைவு. அதிலும் பெரும் பலன் வாகன நிறுத்துமிடங்களில்தான். அடிதடி, வன்முறைக்குப் பெரிய பலன் தெரியவில்லை. குடித்துவிட்டு ஆத்திரத்தில் கை ஓங்குகிறவன் மேலே அண்ணாந்து கேமராவைப் பார்ப்பதில்லை.

இதைச் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் தருகிறேன். நகரத்து அடுக்குக் குடியிருப்பில் கிடைத்த பலன் உங்கள் தெருவில் அப்படியே கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விளக்குக்குக் கீழே பார்க்க ஆள் வேண்டும். ஆளே நடக்காத சந்தில் விளக்குப் போட்டால் திருடனுக்கு டார்ச் செலவு மிச்சம்.

கேமரா ஏற்கெனவே இருந்தால் அதைப் பராமரியுங்கள். வழக்குக்காக நான் வாங்கிப் பார்த்த பதிவுகளில் பாதிக்கு மேல் பயன்படாதவை. காரணம் பெரிய தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இல்லை. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸின் குறுக்கே வலை பின்னிவிடும். பதிவில் தெரிவதெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஆடும் நூல். அடுத்தது கடிகாரம். மின்சாரம் போய் வந்ததில் பதிவுக் கருவியின் நேரம் பின்தங்கியிருக்கும், யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். சம்பவம் இரவு இரண்டு மணிக்கு, பதிவில் மாலை ஏழு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட இனிப்பான செய்தி உண்டா? மாதம் ஒருமுறை ஒரு துடைப்பம், கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு நேரத் திருத்தம். இதற்குக் கூட்டம் போடத் தேவையில்லை.

கேள்வி: போன மாதம் எங்கள் வீட்டில் திருட்டுப் போனது. "ஒருமுறை வந்த வீட்டுக்கு மறுபடி வரமாட்டான், இனிமேல் கவலை இல்லை" என்கிறார் மாமனார். பூட்டை மாற்றக்கூட விடமாட்டேன் என்கிறார். அவர் சொல்வது சரியா?
(ஒரு மருமகள்)

பதில்: மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: நிலைமை அதற்கு நேர்மாறானது. ஒருமுறை திருட்டுப் போன வீட்டுக்கு, அதுவும் முதல் சில வாரங்களில், மறுபடி திருடன் வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். அவனுடைய இடத்திலிருந்து யோசித்தால் வியப்பில்லை. வழி தெரியும். நாய் இல்லை என்று தெரியும். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியும். தூக்க முடியாமல் விட்டுப்போன பொருள் ஞாபகத்தில் இருக்கும். போனதற்குப் பதிலாக நீங்கள் புதிதாக வாங்கி வைப்பீர்கள் என்பதும் தெரியும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களில் வீட்டுக் களவு தாங்க முடியாத அளவுக்கு இருந்தது. குடியிருப்பு முழுவதற்கும் பாதுகாப்புக் கொடுக்கப் பணமில்லை. ஆகவே களவு போன வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உடனே போய்ப் பூட்டுகளையும் ஜன்னல்களையும் பலப்படுத்தினார்கள். காசு போட்டு இயக்கும் எரிவாயு, மின்சார மீட்டர்கள் வீட்டுக்குள் உண்டியல்போல இருந்தன, திருடன் அதைத்தான் உடைத்தான், அவற்றை அகற்றினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் "இந்த வீட்டின் மீது ஒரு கண் வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். சங்கம், கொடி, பதாகை ஒன்றும் இல்லை, ஐந்தாறு வீடுகள்தான். குடியிருப்பு முழுவதிலுமே களவு பாதிக்கும் கீழே இறங்கியது. அடிபட்ட வீட்டைக் காப்பாற்றினாலே ஊரில் பெரும்பங்கைக் காப்பாற்றியதாகிவிடும் என்று அதன் பிறகுதான் பல நாட்டுக் காவல்துறைகளுக்கு உறைத்தது.

பக்கத்து வீடுகளுக்கும் இது பொருந்தும். லிவர்பூல் வட்டாரக் களவுகளை ஆராய்ந்ததில், ஒரு வீட்டில் களவு நடந்தால் அடுத்த ஓரிரு மாதங்களுக்குச் சுமார் 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்று கண்டார்கள். ஆகவே பூட்டை இன்றைக்கே மாற்றுங்கள். மாமனார் தூங்கும் நேரத்தில் ஆசாரியைக் கூப்பிட்டாலும் தப்பில்லை. இரு பக்கத்து வீட்டாரிடமும் எதிர்வீட்டாரிடமும் வெட்கப்படாமல் நடந்ததைச் சொல்லுங்கள். திருட்டுக் கொடுத்தவர்கள் ஏனோ தாங்களே தப்புச் செய்ததுபோல மூடி மறைக்கிறார்கள்.

கேள்வி: கைப்பேசி திருட்டுப் போனது என்று புகார் கொடுக்கப் போனேன். "காணாமல் போனது என்று எழுதிக் கொடுங்கள், சுலபமாக முடியும்" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்படியும் கிடைக்கப் போவதில்லை, புகாரால் என்ன பயன்?
(கல்லூரி மாணவர்)

பதில்: சுலபம் யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும். "காணாமல் போனது" குற்றக் கணக்கில் ஏறாது. ஏறாத குற்றத்துக்கு ரோந்து வராது, விளக்கு வராது, கூடுதல் ஆள் வராது. எந்தப் பேருந்து நிறுத்தத்தில், எந்த நேரத்தில் கைப்பேசி பறிபோகிறது என்று வரைபடத்தில் புள்ளி விழாது. உங்கள் கைப்பேசி கிடைக்காமல் போகலாம். அந்தப் புள்ளி விழுந்திருந்தால் பத்தாவது ஆளின் கைப்பேசி பிழைத்திருக்கும்.

பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்திருந்த எனக்கு இது நன்றாகத் தெரியும்: எங்களிடம் இருந்தது நடந்த குற்றங்களின் கணக்கு அல்ல, எங்கள் வாசல் வரை வந்து, உள்ளே விடப்பட்ட குற்றங்களின் கணக்கு. இதனால்தான் சில நாடுகள் காவல் நிலையத்தைக் கேட்காமல் வீடு வீடாகப் போய் "இந்த ஆண்டு உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்கின்றன. பிரிட்டனில் 1982 முதல் இது நடக்கிறது. அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகளாக உண்டு. அங்கே வன்முறைக்கு ஆளானவர்களிலேயே பாதிக்கும் குறைவானவர்கள்தான் போலீஸுக்குச் சொல்கிறார்கள். சொத்துக் குற்றங்களில் மூன்றில் ஒன்று அளவுக்குத்தான். போதாக்குறைக்கு, ஒரே சம்பவத்தில் பல குற்றம் நடந்தால் அவற்றுள் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணும் முறையும் உண்டு. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அப்படித்தான் எண்ணுகிறது. வீடு புகுந்து கொன்றுவிட்டுத் திருடிப் போனால் கணக்கில் கொலை ஒன்றுதான்.

இதனால் எண் கூடுவது கெட்ட செய்தி, குறைவது நல்ல செய்தி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பெண்கள் தைரியமாக வந்து புகார் சொல்லும்படி ஒரு நிலையம் மாறினால் அங்கே எண் கூடும். விரட்டி அடிக்கும் நிலையத்தில் எண் அழகாக இருக்கும். பல மேலதிகாரிகளுக்கு இரண்டாவது நிலையம்தான் பிடிக்கும்.

இப்போதாவது போய், திருட்டு என்று எழுதி, கைப்பேசியின் அடையாள எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சந்தேகப்படும்படி நடக்கிறவர்களைப் படம் எடுத்துப் போடுகிறோம். இது நல்ல ஏற்பாடுதானே?
(குழு நிர்வாகி)

பதில்: நீங்கள் அனுப்பிய மாதிரிப் படங்களைப் பார்த்தேன். ஒருவர் கதவு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை அழுக்காக இருப்பதைத் தவிர அவர் செய்த குற்றம் எனக்குப் புலப்படவில்லை.

இந்தியாவில் 2018-ல் குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி இப்படித்தான் கைப்பேசிகளில் பரவியது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற சிற்றூரில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அவர்கள் யாரையும் கடத்தவில்லை. அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அந்த வதந்தியை முன்னனுப்பிய ஒவ்வொருவரும் தன்னை விழிப்பான குடிமகன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

குழு இருக்கட்டும். ஒரு விதியை மட்டும் வையுங்கள்: ஆளைப் பற்றி எழுதக் கூடாது, செயலைப் பற்றி எழுதலாம். "பூட்டிய மூன்றாம் வீட்டின் பின்சுவரில் ஒருவர் ஏறுகிறார், இப்போது மணி 2.40" என்பது தகவல். அதைக் குழுவுக்கு முன் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். "புது ஆள், முழியே சரியில்லை" என்பது தகவல் அல்ல. எழுதியவரின் குணத்தைத்தான் அது காட்டுகிறது.

கேள்வி: விகிதம் வேண்டாம், பட்டியல் வேண்டாம் என்கிறீர்கள். ஒரு சிறு ஊர் பாதுகாப்பானதா என்று அளக்க வேறு ஏதாவது உண்டா?
(புள்ளியியல் மாணவி)

பதில்: உண்டு. சிகாகோவின் 343 பகுதிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 1997-ல் வெளிவந்தது. குற்றத்தைப் பற்றி நேராகக் கேட்காமல் இப்படிக் கேட்டார்கள்: பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால் உங்கள் அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்களா? சுவரில் கிறுக்கினால்? பெரியவர்களிடம் மரியாதையில்லாமல் நடந்தால்? கேட்பார்கள் என்று அதிகம் பேர் சொன்ன பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அப்படியே.

இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் நட்பை மட்டும் அளக்கவில்லை என்பது. தினமும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஊரிலும் அடுத்தவன் பிள்ளையைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாமல் போகலாம். அதிகம் பழகாத, வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்கிற ஊரில் கேட்பார்கள். நீ படிக்கும் புள்ளியியலுக்கு நல்ல பயிற்சி: அந்தக் கேள்விகளை உன் தெருவில் ஐம்பது பேரிடம் கேட்டு வா. உன் வீட்டாரிடமும் கேள். அவர்கள் உன்னைத்தான் முதலில் தட்டிக் கேட்பார்கள், எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று.

கேள்வி: எனக்கு 74 வயது. தனியாக இருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வாசல் பக்கமே போவதில்லை. தொலைக்காட்சியில் தினமும் கொலை, கொள்ளை. மகன் "பயப்படாதே அம்மா" என்கிறான். பயப்படாமல் எப்படி இருப்பது?
(ஒரு பாட்டி)

பதில்: பாட்டி, உங்களைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். பல நாட்டு ஆய்வுகளில் அதிகம் பயப்படுகிறவர்கள் வயதானவர்கள். வெளியிடத்து வன்முறைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் இளைஞர்கள், அதிலும் இரவில் பயமில்லாமல் சுற்றும் ஆண்கள். அமெரிக்காவில் வன்முறைக் குற்றம் 1993-க்கும் 2019-க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் மக்களைக் கேட்டபோது "சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது" என்றுதான் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால் அவ்வளவு மோசமாகச் சொல்வதில்லை. கெட்டது எல்லாம் வேறெங்கோ நடக்கிறது, தொலைக்காட்சி அதை நம் கூடத்துக்குக் கொண்டுவருகிறது.

ஆறு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்காருங்கள். போவதற்குத் துணையாக அவர்கள் வீட்டுப் பிள்ளையை வரச்சொல்லுங்கள். தொலைபேசியில் "வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீஸ் பேசுகிறேன், உங்கள் மகன் மாட்டிக்கொண்டான்" என்று யார் சொன்னாலும் வைத்துவிடுங்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு இப்போது வாசலைவிடத் தொலைபேசி வழியாகத்தான் திருடன் அதிகம் நுழைகிறான்.

மகன் அடுத்த முறை வரும்போது ஒரு வேலை கொடுங்கள். வாசற்கதவின் பூட்டு நாக்கு போய் உட்காரும் தகடு கதவு நிலைச்சட்டத்தில் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்நுனி நீளம்தான் இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த பூட்டாக இருந்தாலும், ஓர் உதையில் பெயர்வது அந்தத் தகடுதான். மூன்று அங்குலத் திருகாணியாக வாங்கி, நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும்படி முடுக்கச் சொல்லுங்கள். கீல்களுக்கும் அதேபோல. அரை மணி நேர வேலை. "பயப்படாதே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போகாமல் அதையும் செய்துவிட்டுப் போகட்டும்.